சீர்த் தட்டில் இரும்புக் குண்டு

எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் விசில் ஊதி நான் பார்த்ததில்லை. விசில் கழுத்தில் தொங்கும், அவ்வளவுதான். விடியற்காலையில் மைதானத்தின் வடக்கு மூலையில் நின்றுகொண்டு பெயர்களைக் கூப்பிடுவார். கையில் தாளெல்லாம் கிடையாது. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த அத்தனை பெண்களின் பெயரும் இனிஷியலோடு அவர் நாக்கில் இருக்கும். கூப்பிட்டதும் 'எஸ் மேடம்' என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால், “கேக்கல. சத்தமா” என்பார். மைதானத்தை ஒட்டிய கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மாடு கட்டுகிறவருக்கும் கேட்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றிய பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவார்.

வீட்டில் நான் பாப்பா. தெருவில் இன்னாருடைய மகள். என் முழுப் பெயரை வெட்டவெளியில் அவ்வளவு உரக்க ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டது அந்த மைதானத்தில்தான். முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை பெரிய ஆளா நான் என்று இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் கொஞ்சம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் கபடி ஆடினேன். எதிரணிக்குள் பாடிப் போவது என் வேலை, நடுவரோடு சண்டை போடுவது என் பொழுதுபோக்கு. பிறகு அதே கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். மேடம் ஓய்வு பெற்றுப் போனார். சண்டை போடும் பழக்கம் மட்டும் என்னிடம் ஓய்வு பெறவில்லை.

போன வருஷம் மைதானத்தின் ஓரத்தில் உள்விளையாட்டு அரங்கம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். முன்பு அங்கே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஒரு புயலில் அதன் கூரை பறந்து கரும்புக்குள் போய் விழ, நாங்கள் அதைத் தூக்கி வந்து மறுபடி மாட்டி, அதன் கீழே நின்றுதான் மழைக்காலம் முழுதும் உடற்பயிற்சி செய்தோம். அந்த இடத்தில் இப்போது வழவழவென்று மரத்தரை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் விளக்குகள். முதல்முறை உள்ளே போனபோது யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனேன். ஒரு மூலையில் கொஞ்ச நேரம் நின்றேன். பேசினால் எதிரொலித்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

அரங்கத்துக்கு மேடத்தின் பெயரை வைப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவானது. ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் கல்லூரியில் அதற்கு முன்பு ஒருமனதாக நடந்த ஒரே காரியம் தேநீர் இடைவேளைதான். மேடத்திடம் சம்மதம் வாங்கிவரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் 'எனக்கெதுக்கும்மா பேரு' என்பார், 'நான் இன்னா பெருசா செஞ்சிட்டேன்' என்பார், அதற்கு இப்படிச் சொல்ல வேண்டும், அதற்கு அப்படிச் சொல்ல வேண்டும் என்று.

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் தம்பி குடும்பத்தோடு மேடம் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் போனபோது டிவியில் கபடி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் தெருவுக்கே கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார்.

“பெருசா எழுதச் சொல்லுடி. ரோட்ல பஸ்ல போறவங்களுக்குத் தெரியணும்.”

தயார் செய்த பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கம்மா போனதுக்கப்புறம் என்னப் பேர் சொல்லிக் கூப்புட ஒரு ஆளு இல்ல. தம்பிக்கு அக்கா. அவன் புள்ளைங்களுக்கு அத்தை. உங்களுக்கெல்லாம் மேடம். பேங்குல கூட டோக்கன் நம்பரத்தான் கூப்புடறான். நான் எத்தினி பேரக் கூப்ட்டுக்கீறேன்? என் பேர ஒருத்தர் சத்தமா படிச்சி நான் கேக்கணும். துணிய இழுத்துட்டு கை தட்டிட்டுப் போற வேலையெல்லாம் வாணாம். தெறக்கறவங்க படிக்கணும். நான் உசுரோட இருக்கச்சொல்லோ படிக்கணும்.”

 அத்தனை வருஷமாக எங்கள் பெயர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த மனுஷியின் பெயரை நாங்கள் ஒருத்தியாவது ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே எங்களை வளர்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் பெயர் நம் வாயில் வரக்கூடாது. மரியாதைதான், யார் இல்லையென்றது? அந்த மரியாதைக்குள் ஒருவர் இத்தனை பசியோடு இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆசையை இவ்வளவு நேராகச் சொல்லும் ஒருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கு அதுவே பெரிய வியப்பாக இருந்தது. நாமெல்லாம் வேண்டும் என்பதை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தானே வாங்கிக்கொள்கிறோம்.

நான் கல்லூரிக்குத் திரும்பிச் சம்மதத்தைச் சொன்னேன். கல் வெட்டக் கொடுக்கலாம் என்று இருந்தபோது மேடத்தின் தம்பி கல்லூரி முதல்வரைப் பார்க்க வந்தார். வேட்டி, மேல்சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அரங்கத்துக்கு அக்காவின் பெயரை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைக் கல்லில் வெட்டினால் ஆயுசு குறையும் என்றார். பிற்பாடு, எல்லாம் ஆன பிற்பாடு, வைத்துக்கொள்ளுங்கள், நானே வந்து நிற்கிறேன் என்றார். முதல்வர் நல்ல மனிதர், ஆனால் எந்தத் தண்ணீரிலும் கணுக்காலுக்கு மேல் இறங்காதவர். குடும்பத்தாருக்கு மனக்குறை இருக்கும்போது நாம் செய்யலாமா என்று எங்களைக் கேட்டார். கல்லில் 'உள்விளையாட்டு அரங்கம்' என்று மட்டும் இருக்கட்டும், பெயருக்கென்று மேலே இடம் விட்டு வைப்போம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று மாலையே தம்பியைத் தேடிப் போனேன். மேடம் வீட்டில் இல்லாத நேரம். தம்பி கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே ஆரம்பித்தேன். பேருந்து நிலையத்திலிருந்து குடிநீர்த் தொட்டிவரை உயிரோடு இருப்பவர்கள் பெயரை எங்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்று ஒன்றாக எடுத்துச் சொன்னேன். அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று முடித்தேன். அதற்கு மேல் ஒருவர் என்ன சொல்ல முடியும் என்று எனக்கே ஒரு திருப்தி.

“அவங்கல்லாம் எனக்கு அக்கா இல்லியே டீச்சர்” என்றார்.

பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரே சொன்னார். அவர்கள் அப்பா ஆசை ஆசையாக வீடு கட்டி, வாசல் நெற்றியில் தன் பெயரைச் சிமெண்டில் எழுத வைத்தாராம். அந்த வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டாராம். அம்மா அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுததைத் தான் பார்த்து வளர்ந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அக்கா என்றுகூட அவர் சொல்லவில்லை, 'அவங்க' 'அவங்க' என்றே பேசினார். பெயரா, அது அவர் வாயில் வந்ததே இல்லை. கூரியர்காரன் வந்து மேடத்தின் பெயரைச் சொல்லி இந்த வீடுதானா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவாராம். இதை அவர் மனைவி பிறகு சொல்லிச் சிரித்தார்.

கிளம்பும்போது, யாரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் இன்னொன்றும் சொன்னார். அக்கா படிக்கிற காலத்தில் அறுவடை முடிந்த வயலில் வட்டு எறிந்து பழகுவாராம். பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று அம்மா இவரைக் கூட அனுப்புவாராம். இவர் எதிர்க்கோடியில் நின்று வட்டை எடுத்து வந்து கொடுப்பாராம்.

“எல்லாரும் அவங்க எறியறதப் பின்னாடி நின்னு பாத்தாங்க. நான் எதிர்க்க நின்னு பாத்தேன். அது மேல எழும்பி வரும் பாருங்க, மூச்சு நின்னுபுடும்.”

எனக்கு வட்டு எறிதலைப் பற்றி ஓரளவு தெரியும். அதை எதிரில் நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. வானத்தில் சுழன்றுகொண்டு தன்னை நோக்கி வருகிற ஒன்று, அதை அனுப்பியது தன் அக்காவின் கை. அந்தச் சிறுவனுக்கு அந்த வயலில் என்ன தோன்றியிருக்கும்? என் கோபம் வரப்பிலேயே எங்கோ விழுந்துவிட்டது. ஆனால் காரியம் ஆகவில்லை, வெறுங்கையோடுதான் வந்தேன்.

நல்லவாட்டில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். என் வகுப்புத்தோழி, ஈட்டி எறிந்தவள், இப்போது படகு வந்ததும் மீன் ஏலம் எடுக்கிறவள். அவளிடம் போய்ப் புலம்பினேன். கேட்டுவிட்டு அவள் என்னைத்தான் திட்டினாள்.

“நீ இன்னா வக்கீலா? அவரு பயந்துகினு இருக்காரு. பயந்தவங்கிட்ட போயி நியாயம் பேசுவியா? கல்லுல பேருன்னா அது சாவு சமாச்சாரம்னு அவரு மனசுல இருக்கு. சீர் வந்தா? சாவுக்கு யாராச்சும் சீர் எடுப்பாங்களா? தம்பிய சீர் கொண்டாரச் சொல்லுடி.”

 எங்கள் பக்கத்தில் ஊரார் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவதுண்டு. தாம்பாளத் தட்டுகளில் நோட்டும் பேனாவும் உலக உருண்டையும் வைத்து மேளத்தோடு போவார்கள். ஆனால் அக்காவுக்குத் தம்பி எடுக்கும் சீர் வேறு. அதற்கு ஒரு விசேஷம் வேண்டும். கல்யாணம் ஆன அக்காவாக இருந்தால் பொங்கலுக்குப் பொங்கல் எடுக்கலாம், பிள்ளைக்குக் காது குத்தினால் எடுக்கலாம், புது வீடு கட்டினால் எடுக்கலாம். ஒரே வீட்டில் இருக்கிற, கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவுக்கு ஒரு தம்பி என்றைக்குச் சீர் எடுப்பது? அவருக்கு அந்த வாய்ப்பே வந்ததில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு போனோம். அழைக்கிற முறைப்படி தட்டை நீட்டி என் தோழிதான் பேசினாள். அக்காவுக்குப் புது வீடு கட்டியிருக்கிறது, தம்பி சீர் இல்லாமல் எப்படித் திறப்பது என்று கேட்டாள். அவ்வளவுதான். கல்லைப் பற்றியோ ஆயுசைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அவர் தட்டை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. போச்சு என்று நான் தோழியைப் பார்த்தேன், அவள் கையமர்த்தினாள். முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“தட்டுல இன்னா வைக்கிறது?”

உள்ளேயிருந்து அவர் மனைவி புடவை, பூ, பழம், சர்க்கரை, தேங்காய் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும், இரும்புக் குண்டு, வட்டெல்லாம் வைக்கலாமா என்று எங்களைக் கேட்டார். வைக்கலாம் என்றோம். வைக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

இனி முதல்வருக்கும் தடையில்லை. கல்லில் பெயர் ஏறியது. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

விழா மாசி மாதம் ஒரு காலைப்பொழுதில். அம்மன் கோயிலிலிருந்து சீர் புறப்பட்டது. பழைய மாணவிகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். போலீஸ்காரி வந்தாள், நர்ஸ் வந்தாள், பிள்ளைச்சாவடியிலிருந்தும் வீராம்பட்டினத்திலிருந்தும் வந்தார்கள், மருமகள் எடுத்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தட்டு. ஆப்பிளுக்கு நடுவே இரும்புக் குண்டு உட்கார்ந்திருந்தது. வட்டுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஸ்கிப்பிங் கயிற்றைப் பாம்புபோலச் சுருட்டி மேலே மல்லிகைச் சரம். கைப்பந்துகளுக்குக்கூட மஞ்சள் பூசியிருந்தது. தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று என் தோழி கடைசி நேரத்தில் ஒரு ஈட்டியைத் தனித் தட்டாகக் கணக்கில் சேர்த்தாள். அந்த ஈட்டியைத் தட்டில் வைக்க முடியாமல் அவளே தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

முன்னால் தம்பி, பட்டு வேட்டியில், புடவைத் தட்டோடு. அவருக்கு முன்னால் மேளம். வழியில் இருந்த பெண்களெல்லாம் காது குத்துக்குப் போகிறோம் என்று நினைத்து, எந்த வீட்டு விசேஷம் என்று கேட்டார்கள். கல்லூரிக்கு என்றோம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சீர் போகிறதே என்று கூடவே வந்தார்கள். சீருக்குப் பின்னால் போக எங்கள் ஊரில் காரணம் கேட்பதில்லை. திரும்பிப் பார்த்தபோது சாலை முழுதும் ஆட்கள்.  

மேடம் கல்லூரி வாசலில் நின்றிருந்தார். அரக்கு நிறப் பட்டுப்புடவை, காலில் ஓட்டக்காலணி. தம்பி தட்டை நீட்டினார். அவர் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நாளும் நின்றிராதவர் அப்படி நின்றார். பின்னாலிருந்து யாரோ, வாங்குங்க மேடம், கை வலிக்கும் என்றாள். வாங்கி ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வரிசையாக ஒவ்வொரு தட்டையும் தொட்டுக்கொண்டு வந்தவர், ஆப்பிளுக்கு நடுவிலிருந்த குண்டைத் தூக்கிக் கையில் எடைபார்த்து, இது ஆம்பளப் பசங்க எறியற குண்டாச்சேடி என்று முணுமுணுத்து மறுபடி வைத்தார். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

யார் திறப்பது என்பதில் முதல்வர் வேறு ஒருவரை மனதில் வைத்திருந்தார். மேடம் அவரிடம் சீர் கொண்டுவந்தவனே திறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். முதல்வர் வழக்கம்போல ஒதுங்கிக்கொண்டார்.

தம்பி கயிற்றை இழுத்தார். துணி விலகியது. கருங்கல்லில் பொன்னிறத்தில் மேடத்தின் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. எல்லோரும் கைதட்டப் போனோம். மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார். மைதானத்தில் எங்களை நிறுத்துகிற அதே கை. அத்தனை பேரும், மேளக்காரர்கள் உட்பட, அடங்கினார்கள்.

“படி” என்றார் தம்பியிடம்.

அவர் கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். முடியாது என்று. பேசத் தெரிந்த காலத்திலிருந்து வாயில் வராத பெயர். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பட்டு வேட்டியோடு, அந்த மனிதர் வேர்த்துப்போய் நின்றார். நான் படிக்கட்டுமா என்று முதல்வர் மெல்ல முன்னால் வந்தார். என் தோழி ஈட்டியை அவருக்குக் குறுக்கே சாய்த்தாள்.

மேடம் கல்லுக்கு எதிரே, பத்தடி தள்ளிப் போய் நின்றார். கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி. நாங்கள் விடியற்காலையில் அவர் முன்னால் நின்ற மாதிரி.

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஏதோ காற்று மாதிரி வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கேக்கல” என்றார் மேடம். “சத்தமா.”

அவர் கண்ணைத் திறந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அறுத்த வயலின் எதிர்க்கோடியிலிருந்து கூப்பிடுகிறவரைப் போல, அக்காவின் பெயரை இனிஷியலோடு கூப்பிட்டார். அது எங்கள் தலைக்கு மேலே போய், மைதானத்தைத் தாண்டி, கரும்புக்குள் போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பெயர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மேடம் முகவாயை உயர்த்தினார்.

“எஸ் சார்” என்றார்.